வாசலுக்கு வராத எச்சரிக்கை



ஓர் எச்சரிக்கை எப்போது எச்சரிக்கையாகிறது? வானிலை ஆய்வு மையத்தில் எழுதப்படும்போதா? மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வந்து சேரும்போதா? தொலைக்காட்சியின் அடியில் சிவப்பு எழுத்தாக ஓடும்போதா? இல்லை! ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஓர் ஏழையின் வாசலுக்கு வந்து, "இன்றிரவு பத்து மணிக்குள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்" என்று சொல்லும்போதுதான் அது எச்சரிக்கை. அதுவரை அது அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே நடக்கும் வெறும் கடிதப் போக்குவரத்து.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பது நம் பாட்டனாருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அது திடீரென்று வந்துவிட்டதைப் போலத்தான் நிர்வாகம் நடந்துகொள்கிறது. வெள்ளம் வந்த பிறகு படகு வருகிறது. உணவுப் பொட்டலம் வருகிறது. பார்வையிட வருகிறார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். இதைப் பற்றியெல்லாம் பேச ஆயிரம் வாய்கள் உண்டு. வெள்ளம் வருமுன் யார், யாரிடம், எந்த வார்த்தையில், எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொன்னார்கள் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை. அந்தக் கேள்வியை இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறோம்.

இரண்டு மணி நேரம் எங்கே போனது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ரா தீவின் அருகே கடலுக்கடியில் நிலம் நடுங்கியது. சுனாமி அலை தமிழகக் கரையைத் தொட்டது அதற்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு. கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் சூழ்ந்த தகவல், அலை இங்கே வருமுன்பே விமானப்படையின் காதுக்கு எட்டியிருந்தது. வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் ஒன்று அப்போது பதவியிலேயே இல்லாத ஒரு முன்னாள் அமைச்சரின் முகவரிக்குப் போனது என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. செய்தி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீழே கடற்கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இந்தியப் பெருங்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை மையமே இல்லை என்பது உண்மை. ஆனால் அதே காலையில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் என்ன நடந்தது தெரியுமா? சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆபத்தை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் இருந்தது. அங்கிருந்து கடல் நிலவரத்தை அன்றாடம் ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். இளைஞர்கள் அந்த ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்தக் கிராமத்தில் வீடுகளும் படகுகளும் சேதமாயின. ஓர் உயிர் கூடப் போகவில்லை!

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. நல்லவாட்டில் செயற்கைக்கோள் இல்லை. அதிகாரி இல்லை. ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, ஊர் மக்கள் கேட்டுப் பழகிய குரல், இவ்வளவுதான் இருந்தன. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டுவிட்டது. நிலநடுக்கத் தகவல் இன்று சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. ஆனால் அது ஆட்சியர் அலுவலகம் வரை வந்து நின்றுவிட்டால், நம் தெருவைப் பொறுத்தவரை 2004க்கும் இன்றைக்கும் வேறுபாடு இல்லை.

கன அடி யாருக்குப் புரியும்?

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியது. அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் இரவோடு இரவாக மூழ்கின. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கூறியது. 29,000 கன அடி தொடர்ந்து 21 மணி நேரம் திறந்துவிடப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது.

ஏரியை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற விவாதம் பொறியாளர்களுடையது. நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு மழைக்கும் நாம் கேட்டுப் பழகிய அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். "இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுகிறது. தாழ்வான பகுதியில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." எது தாழ்வான பகுதி? பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்குள் போக வேண்டும்? எந்தச் சாலை திறந்திருக்கும்? ஒன்றுமே அதில் இல்லை!

ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 29,000 கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கு தெரிந்தவருக்கும்கூடத் தன் வீட்டு வாசலில் முழங்கால் அளவு வருமா, கூரை அளவு வருமா என்று தெரியாது. அதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது அரசாங்கம். "உங்கள் தெருவில் முதல் மாடி வரை தண்ணீர் வரும்" என்பதுதான் மக்களுக்குப் புரியும் மொழி.

புயல் எச்சரிக்கைக் கூண்டும் இப்படித்தான். மூன்றாம் எண் கூண்டு, ஏழாம் எண் கூண்டு, பத்தாம் எண் கூண்டு என்று செய்தியில் படிக்கிறார்கள். அந்தக் கூண்டுகள் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்காக ஏற்றப்படுபவை. கப்பல் தலைவனுக்கு அதன் பொருள் தெரியும். கீற்றுக் கொட்டகையில் இருக்கும் மூதாட்டிக்கு அதை யார் பெயர்த்துச் சொன்னார்கள்?

காயல்பட்டினத்தில் 95 செ.மீ.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தென்மாவட்ட மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. ஓராண்டு பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில்! தாமிரபரணி கரை புரண்டது. சாலைகள் அறுந்தன. மின்சாரம் போனது. கைபேசிகள் ஊமையாயின. வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளைகள் காயலில் இருக்கும் பெற்றோரின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தார்கள். வணிகர்களின் சரக்கு கடைக்குள்ளேயே மிதந்தது.

தண்ணீர் வடிவதற்குள் ஒரு சண்டை தொடங்கியது. இவ்வளவு மழை வரும் என்று வானிலைத் துறை சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்றது மத்திய அரசு. இரு தரப்பும் தேதிகளை எடுத்து வீசிக்கொண்டன. சகோதரர்களே, இந்தச் சண்டையை உற்றுப் பாருங்கள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எப்போது தாள் அனுப்பியது என்பதுதான் வழக்கு. அந்தத் தாள் தெருவுக்கு எப்போது வந்தது என்று இரு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை.

அதே நாளில், அதே மழையில் இன்னொன்றும் நடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 800 பயணிகளுடன் ஒரு ரயில் புறப்பட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போன தகவல் ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கு வந்தது. நிலைய அதிகாரி ரயிலை நிறுத்திவிட்டார். பயணிகள் துன்பப்பட்டார்கள், பலர் இரண்டு நாட்கள் அங்கேயே கிடந்தார்கள், அருகிலுள்ள புதுக்குடி கிராம மக்கள் சமைத்துப் போட்டார்கள். ஆனால் உயிர் தப்பியது! தகவல் உரிய ஆளிடம், உரிய நேரத்தில் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ரயில்வேயில் இதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது. ஒரு தெருவுக்கு இந்த ஒழுங்குமுறை ஏன் இல்லை?

அடுத்த ஆண்டே மீண்டும் நடந்தது. 2024 டிசம்பர் 2, நள்ளிரவு கடந்த வேளையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. கொடுக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். நடு இரவில் உறங்கிக்கொண்டிருப்பவனின் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி எச்சரிக்கை ஆகுமா என்பதுதான் நம் கேள்வி.

வங்கக் கடலின் அக்கரையில்

முடியாத காரியத்தைக் கேட்கிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்மைவிட ஏழை நாடு ஒன்று இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகு 1972இல் செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. ஊர்தோறும் தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, கொடி, சைக்கிள். புயல் வலுக்க வலுக்கக் கொடிகளின் எண்ணிக்கை கூடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலும் அறிவிப்பு ஒலிக்கும். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள்.

1991 புயலில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 சிதர் புயலில் அந்த எண்ணிக்கை சில ஆயிரமாகக் குறைந்தது. 2020 ஆம்பன் புயலின்போது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். பலி சில பத்துகளுக்குள் அடங்கியது. புயல் காப்பகங்கள் கட்டியதும் கரைகளை உயர்த்தியதும் இதற்குக் காரணம்தான். ஆனால் காப்பகத்துக்கு மக்களைக் கூட்டிவந்தது அந்தத் தொண்டர்களின் குரல். இன்று அவர்கள் சுமார் 76,000 பேர். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆண்கள் வெளியே இருக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் போய்ச் சொல்ல ஒரு பெண் வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்.

நம்பிக்கை இல்லாத குரல்

குரல் கேட்டால் மட்டும் போதாது. அந்தக் குரலை நம்பவும் வேண்டும். இங்கே நம் சமுதாயத்துக்கு ஏற்பட்ட ஒரு காயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2020 மார்ச் இறுதியில் கொரோனா பரவியபோது, டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தோடு தொடர்புடையோரின் எண்ணிக்கை மத்திய சுகாதாரத் துறையின் அன்றாட அறிவிப்பில் தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டது. நோய்க்கு மதம் உண்டு என்பதுபோல! அதன் விளைவு என்ன? வட மாநிலங்களில் பல ஊர்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரியின் தள்ளுவண்டியை விரட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஜமாஅத்தினர் மீது வழக்குகள் போடப்பட்டன. 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு அவ்வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொன்னது. அதற்குள் ஆக வேண்டிய கேடு ஆகிவிட்டிருந்தது.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? ஆபத்துக் காலத்தில் அதிகாரி பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒரு முதலீடு. வணிகர்களாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். நாணயம் கெட்ட கடைக்கு வாடிக்கையாளர் திரும்ப வருவாரா? ஒரு சமுதாயத்தைச் சுட்டிக்காட்டிப் பேசிய குரல், நாளை "வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்று சொன்னால், அந்தச் சமுதாயம் ஒரு கணம் தயங்கும். வெள்ளம் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்காது.

வதந்தி பிறப்பதும் இந்த இடைவெளியில்தான். 2015 வெள்ளத்தின்போது, நாசா 250 செ.மீ. மழை வரும் என்று சொல்லிவிட்டதாகக் கைபேசிகளில் ஒரு செய்தி பறந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று இன்னொன்று. இரண்டும் பொய். அதிகாரியின் வாய் மூடியிருக்கும் இடத்தில் வதந்தியின் வாய் திறக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் "நிலைமை இதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வதந்திக்கு இடமேது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

நாம் கேட்பது தயவு அல்ல, உரிமை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆணையம் இருக்க வேண்டும். ஆட்சியர் அதன் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். முன்னெச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்திப் பராமரிப்பதும் சரியான தகவலை மக்களிடம் சேர்ப்பதும் அந்த ஆணையத்தின் பணி என்று சட்டமே சொல்கிறது. மாவட்டத்துக்கென எழுதப்பட்ட திட்டமும் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் உங்கள் வார்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. அறிவிப்பில் தெருப் பெயர், வெளியேற வேண்டிய நேரம், போக வேண்டிய இடம் மூன்றும் இருக்க வேண்டும். முந்தைய வெள்ளத்தின் உயரத்தைத் தெருக் கம்பங்களில் கோடிட்டுக் காட்ட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் உருதுவிலும், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் இடங்களில் இந்தியிலும் வங்காளத்திலும் ஒரியாவிலும் சொல்ல வேண்டும். மின்சாரமும் கைபேசியும் நின்றுபோனால் எந்த ஆட்டோ, எந்த ஒலிபெருக்கியோடு, எந்தத் தெருவுக்கு வரும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தண்டோரா போடுவதைக் கைவிட்டு வாகன ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி 2022இல் தமிழக அரசு சொன்னது. மனித மாண்புக்காக எடுத்த நல்ல முடிவு அது. ஆனால் அந்த வாகனம் மழை நாளில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம்.

இன்னொன்று. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று அஞ்சிப் பள்ளிவாசல் நிர்வாகிகள் தயங்க வேண்டியதில்லை. ஒலி மாசு விதிகளிலேயே பொது ஆபத்துக் காலத்துக்கு விலக்கு இருக்கிறது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றின் நிர்வாகிகளையும் நகராட்சி ஆணையர் மழைக்கு முன்பே ஒருமுறை அழைத்து உட்கார வைத்தால், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குரல் கிடைத்துவிடும். அரசுக்கு ஒரு காசு செலவில்லை!

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

2015இல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சாதி மதம் பாராமல் மக்களைத் தோளில் சுமந்து வந்தவர்கள் நீங்கள். பள்ளிவாசல்களின் கதவை எல்லா மக்களுக்கும் திறந்துவிட்டீர்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை வெள்ளத்துக்கு முன்பே செலவிடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். ஒரு தெருவுக்குப் பத்து இளைஞர்கள் போதும். தனியாக வாழும் முதியவர், கருவுற்ற பெண், நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவரவர்க்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். சகோதரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஒருநாள் ஒத்திகை பாருங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மழைக்கு முன் வரும் நல்ல வாய்ப்பு அது.

வணிகர்களே! உங்களுக்கு ஆறு மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் சரக்கை மாடிக்கு ஏற்றிவிடலாம். ஒரு மணி நேரத்தில் தெரிந்தால் கணக்குப் புத்தகத்தையும் காப்பீட்டுத் தாளையும் மட்டுமே காப்பாற்றலாம். ஆகவே இந்த ஆறு மணி நேரத்தை வணிகர் சங்கத்தின் கோரிக்கையாக்குங்கள். இரவில் கடைக்குள் படுத்துறங்கும் வேலையாட்களின் பட்டியல் சங்கத்திடம் இருக்கட்டும். ஷட்டருக்குப் பின்னால் ஆள் இருப்பது மீட்புப் படைக்குத் தெரியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இந்த இரு எண்களையும் கல்லாப் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள்.

கைபேசியில் வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்கும் கடமை நமக்குப் புதிதல்ல. பொய்யான அபாயச் செய்தி பரப்புவோருக்கு ஓராண்டு வரை சிறை என்று பேரிடர்ச் சட்டமும் சொல்கிறது.

மழையை நிறுத்த எந்த ஆட்சியராலும் முடியாது. ஏரி நிரம்புவதையும் எப்போதும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு மனிதனை அவன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவது முடியாத காரியமல்ல. அடுத்த மழைக்கு முன் உங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு நான்கு பேர் சேர்ந்து போங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்?" ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் பதிலாகக் கிடைக்கும்வரை அங்கிருந்து திரும்பாதீர்கள்.